ஃப்ளோரிங் தொழிலை விற்கும் முன்: குன்னூர்க் கணக்கில் எந்த விலை நிற்கும்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ரிசார்ட், பள்ளிக்கூடம், டீ ஃபேக்டரி, ஆஸ்பத்திரி என்று தளம் போட்டுக் கொடுக்கிற ஒருவரிடம், தொழிலை விற்பதாக இருந்தால் என்ன விலை சொல்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதலில் டர்ன்ஓவர்தான் வாயில் வரும். வருஷத்துக்கு இரண்டரைக் கோடிக்கு வேலை ஓடுகிறது, ஒரு கோடியாவது வர வேண்டாமா என்பார். வாங்க வந்தவர் குடோனை ஒரு சுற்றுச் சுற்றி, மெஷினையும் சரக்கையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, இருபது லட்சத்துக்கு மேல் தாங்காது என்பார். இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை. ஒருவர் ஓட்டத்துக்கு விலை சொல்கிறார், இன்னொருவர் நிற்கிற பொருளுக்குச் சொல்கிறார். முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டுப் போன மறுநாள் இந்தத் தொழில் எவ்வளவு சம்பாதிக்கும் என்பதை மட்டும் இரண்டு பேருமே கேட்கவில்லை.

நான் கணக்கு எழுதுகிறவன். மலையில் ஒப்பந்த வேலை செய்கிறவர்களின் பேரேடுகள் கொஞ்சம் கையில் புரண்டிருக்கின்றன. அவற்றின் சாயலில் ஒரு கற்பனைக் கணக்கை வைத்துக்கொள்வோம். குன்னூரில் ஒரே ஆள் முதலாளியாக நடத்தும் ஒரு ப்ரொப்ரைட்டர்ஷிப், டர்ன்ஓவர் 2.4 கோடி, புத்தகத்தில் நிகர லாபம் 28 லட்சம், பேங்கில் சிசி கடன் (சரக்கையும் பாக்கியையும் காட்டி எடுக்கும் கேஷ் கிரெடிட்) 22 லட்சம். இதே தொழிலுக்கு ஒவ்வொரு முறையும் என்ன விலை சொல்கிறது என்று பார்க்கலாம்.

டர்ன்ஓவர் முறையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு வருஷ பில்லில் முப்பது, நாற்பது சதவீதம் என்று யாரோ எங்கோ சொன்ன கணக்கு இது. நாற்பது போட்டால் 96 லட்சம் வருகிறது, கேட்கவே இனிக்கிறது. ஆனால் அந்த 2.4 கோடி ஜிஎஸ்டியோடு சேர்த்தா, சேர்க்காமலா? 18 சதவீதத்தைக் கழித்தால் அது 2.03 கோடிதான். அப்புறம், அதில் மெட்டீரியல் எவ்வளவு, கூலி எவ்வளவு? வினைல் ரோலை வாங்கி அப்படியே கை மாற்றிவிட்டாலும் பில் பெரிதாகத் தெரியும், கையில் நிற்பது சொற்பம். கூலிக்கு மட்டும் எபாக்ஸி (ரெசினும் ஹார்டனரும் கலந்து தளத்தில் பூசும் பூச்சு) அடித்துக் கொடுப்பவரின் பில் இதில் பாதிகூட வராது, லாபம் ஒருவேளை இவரைவிட அதிகமாக இருக்கும். லாப முறையில் வந்த விலை கிறுக்குத்தனமாக இருக்கிறதா என்று ஒருமுறை ஒத்துப் பார்க்க டர்ன்ஓவர் உதவும், அதற்கு மேல் அதை நம்பிப் பேச உட்காராதீர்கள்.

சொத்துக் கணக்குக்கு நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் பேரத்தில் பாதிச் சண்டை இங்கேதான் நடக்கும். எண்களைவிடக் குடோன்தான் உண்மையைச் சொல்லும். ஒரு குடோனில் சரக்கு எண்ணும்போது நடந்த பேச்சு இது.

"அண்ணே, இந்த ரோல் எந்த வேலைக்கு?"

"அது ஒரு ஸ்கூல் டார்மிட்டரிக்கு வாங்கினதுல மிச்சம் தம்பி. நல்ல சரக்கு, முதல் தரம்."

நல்ல சரக்குதான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு மீட்டர் அகல ரோலில் மீதி இருப்பது ஆறு மீட்டர், நிறமோ பச்சை. அதே பச்சையில் இன்னொரு ரோல் வாங்கினாலும் பேட்ச் எண் வேறாகிவிடும், பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பச்சையாகத் தெரியும். பக்கத்து அடுக்கில் லேமினேட் பெட்டிகள். ஒன்றைப் பிரித்தால் பலகையின் ஓரம் விரலில் தட்டுகிற அளவுக்கு உப்பியிருந்தது. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை ஏதோ ஒரு மழை பெய்துகொண்டே இருக்கிற ஊரில் அடைத்து வைத்த குடோன் வேறு எப்படி இருக்கும்? கீழே எபாக்ஸி டப்பாக்கள், ரெசின் ஒரு வருஷத் தேதி, ஹார்டனர் இன்னொரு வருஷத் தேதி. பெரும்பாலான எபாக்ஸிக்கு ஆயுள் ஒரு வருஷம்தான். இவை எல்லாமே புத்தகத்தில் வாங்கின விலையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கின்றன.

ஏன் கழிக்கவில்லை என்று கேட்டால் பதில் பேங்கில் இருக்கிறது. மாதா மாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை வைத்துத்தான் சிசி கணக்கில் எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவாகிறது. டெட் ஸ்டாக்கைத் தள்ளுபடி செய்தால் எடுக்கிற வரம்பும் சேர்ந்து குறையும். அதனால் செத்த சரக்கு புத்தகத்தில் உயிரோடு இருக்கிறது. விற்கிற எண்ணம் வந்துவிட்டால், ஓரிரண்டு வருஷம் முன்னாலேயே இதைச் சுத்தம் செய்துவிடுங்கள், வங்கியிடமும் உண்மை நிலையைச் சொல்லிவிடுங்கள். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் எந்த வேலைக்காவது போகுமா என்பதுதான் என் அளவுகோல். போகாது என்றால் விலை பூஜ்யம்.

நம் உதாரணத்தில் புத்தகத்தில் 38 லட்சம் இருக்கும் சரக்கு இப்படிப் பார்த்தால் 24 லட்சம். கிரைண்டிங் மெஷின், வாக்யூம், வினைல் வெல்டிங் கன் எல்லாம் 6, பிக்கப் வண்டி 5. வர வேண்டிய பாக்கி 46 லட்சத்தில் வருகிற பாக்கி 37. வாடிக்கையாளர்கள் பில்லில் பிடித்து வைத்திருக்கும் ரிடென்ஷன் பணம் 12-இல் 9. மொத்தம் 81 லட்சம். இதில் சப்ளையர்களுக்கு 29, வாடிக்கையாளர்கள் கொடுத்த அட்வான்ஸ் 8, ஆட்கள் விலகும்போது தர வேண்டிய, புத்தகத்திலேயே இல்லாத கிராஜுவிட்டி 5.5 ஆகியவற்றைக் கழித்தால் 38.5 லட்சம். பேங்க் கடனையும் அடைத்தால் கையில் 16.5.

கிராஜுவிட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 26,000 ரூபாய் வாங்கும் ஒரு மேஸ்திரி பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார் என்றால், 15 நாள் சம்பளத்தை 26 நாள் மாதக் கணக்கில் போட்டு வருஷத்துக்கு 15,000, மொத்தம் 1.8 லட்சம். அவர் ஒருவருக்கே அவ்வளவு. வாங்குகிறவரின் ஆடிட்டர் முதல் நாளே இதைக் கேட்பார், நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிட்டால் மரியாதை.

ரிடென்ஷனும் அப்படித்தான். பில்லில் ஐந்திலிருந்து பத்து சதவீதம் பிடித்து வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. இங்கே அதோடு "ஒரு மழை போகட்டும், தளம் தூக்காமல் இருந்தால் தருகிறேன்" என்பது கூடுதலாகச் சேர்ந்துகொள்ளும். அவர்கள் பயமும் நியாயம்தான். கான்கிரீட்டில் ஈரம் 4 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ, குளிர் 10 டிகிரிக்குக் கீழே போனாலோ எபாக்ஸி சரியாகப் பிடிக்காது. ஊட்டியில் ஜனவரிக் காலையில் 10 டிகிரிக்கு எங்கே போவது?

மலைக்கே உரிய இன்னொரு சங்கதி மார்ச் 31. ரிசார்ட்காரர்கள் ஏப்ரல், மே சீசனுக்கு முன்னால் வேலை முடிய வேண்டும் என்பார்கள், டீ ஃபேக்டரிகள் இலை வரத்து குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரைதான் இடத்தைக் காலி செய்து தருவார்கள். வருஷ வேலையில் பெரும்பகுதி அந்த மூன்று மாதத்தில் குவிகிறது. அதனால் மார்ச் 31 அன்று எடுக்கும் பேலன்ஸ் ஷீட்டில் பாக்கி மலையாகத் தெரியும், சரக்கு வற்றியிருக்கும், சப்ளையர் கடன் உச்சத்தில் இருக்கும். செப்டம்பரில் அதே தொழிலை எடுத்துப் பார்த்தால் வேறு ஆள் தொழில் மாதிரி இருக்கும். மார்ச் எண்ணை வைத்து விலை பேசிவிட்டு செப்டம்பரில் சாவியை மாற்றினால் நிச்சயம் தகராறுதான். பன்னிரண்டு மாதக் கடைசித் தேதிகளின் சராசரியை எடுத்து, ஒப்படைக்கும் நாளில் அந்தச் சராசரிக்குக் கூடினால் விலை கூடும், குறைந்தால் குறையும் என்று எழுதிக்கொள்வதுதான் சரி.

அடுத்தது லாப முறை. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் புத்தகத்தில் உள்ள லாபத்துக்கு இல்லை. அந்த 28 லட்சத்தில் முதலாளியின் உழைப்பு இலவசமாகக் கலந்திருக்கிறது. காலையில் சைட்டுக்குப் போய் அளவெடுப்பது, எஸ்டிமேட் போடுவது, ராத்திரி பாக்கிக்கு போன் பண்ணுவது எல்லாம் அவரே. அவர் இடத்தில் ஒரு மேனேஜரை வைத்தால் மாதம் 60,000, வருஷத்துக்கு 7.2 லட்சம். அளவு நோட்டை எழுதிக்கொண்டு சம்பளமே வாங்காமல் இருக்கும் மகனுக்குப் பதில் ஒரு ஆள், மாதம் 30,000, வருஷத்துக்கு 3.6. குடோன் சொந்தக் கட்டடம் என்பதால் வாடகை எழுதவில்லை. மாதம் 25,000 என்று வைத்தால் 3 லட்சம். இந்த 13.8 லட்சத்தைக் கழிக்க வேண்டும். வீட்டுக் காருக்குத் தொழில் கணக்கில் போட்ட பெட்ரோலும் தவணையுமாக 2.4 லட்சம், கடனை அடைத்துவிட்டால் நின்றுபோகும் வட்டி 4 லட்சம் ஆகிய இரண்டையும் திரும்பக் கூட்டலாம். 28-உடன் 6.4 கூட்டி 13.8 கழித்தால் 20.6 லட்சம். இதுதான் உங்கள் தொழிலின் சம்பாத்தியம், மிச்சம் உங்களுடைய சம்பளம்.

போன வருஷம் வராமல் போன பாக்கியை "அது ஒரு தடவை நடந்தது" என்று திரும்பக் கூட்டச் சொல்வார்கள். நான் கூட்ட மாட்டேன். ஒப்பந்த வேலையில் வருஷத்துக்கு ஒருத்தராவது பணம் தராமல் இழுத்தடிக்கத்தான் செய்வார், ஆள் மட்டும் மாறுவார்.

இந்த 20.6 லட்சத்துக்கு எத்தனை மடங்கு? முதலாளி கையை நம்பி ஓடுகிற சின்ன ஒப்பந்தத் தொழிலுக்கு இரண்டிலிருந்து மூன்று மடங்கு வரை பேசுவது நடைமுறை. மூன்று மடங்கு என்றால் வாங்குகிறவர் போட்ட பணத்தை மூன்று வருஷத்தில் எடுக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். பணத்தை ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டுவிட்டு வீட்டில் தூங்குவதற்குப் பதிலாகக் காலை ஆறு மணிக் குளிரில் சைட்டில் நிற்கப் போகிறவர் அதைக் கேட்பதில் தப்பில்லை. ஆக 41 முதல் 62 லட்சம், கடன் இல்லாமல், நடைமுறை மூலதனத்தோடு (சரக்கு, வர வேண்டிய பாக்கி, சப்ளையர் கடன் எல்லாம் சேர்த்து). பேங்க் கடனைக் கழித்தால் கைக்கு 19 முதல் 40 லட்சம். ஒரு கோடிக் கனவில் இருந்தவருக்கு இது கசக்கும், தெரியும்.

இரண்டா மூன்றா என்பதை முடிவு செய்வது என்ன? எனக்கு முதல் கேள்வி மேஸ்திரிகள்தான். மழை நாளில் ஈரம் அளக்கும் மாய்ஸ்ச்சர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "இன்னைக்கு வேண்டாம் சார், தளம் வேர்க்குது" என்று கஸ்டமரிடமே சொல்லி வேலையை நிறுத்துகிற மேஸ்திரி ஒருவர் இருந்தால் அந்தத் தொழிலுக்கு அரை மடங்கு கூட்டிக் கொடுக்கலாம், ஏனென்றால் திரும்பப் போய் உரித்துப் போடுகிற செலவு அங்கே குறைவாக இருக்கும். கடைசி மூன்று வருஷத்தில் எத்தனை வேலையை மறுபடி போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் அதுவே நல்ல விளம்பரம். இரண்டாவது, ஒரே வாடிக்கையாளரிடமிருந்து எவ்வளவு வருகிறது என்பது. ஒப்பந்தக்காரர் தனிநபர் என்றால் பில்லில் 1 சதவீத டிடிஎஸ் (வரிக்காக முன்கூட்டிப் பிடிப்பது) பிடிப்பார்கள், அது 26ஏஎஸ் என்ற வரித்துறைப் பட்டியலில் பெயர் வாரியாக வந்துவிடும், வாங்குகிறவர் அதைப் பார்த்தால் உங்கள் கதையைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. எல்லாமே ரிசார்ட்டாக இருந்தால் மடங்கு குறையும். 2018-இல் மசினகுடிப் பக்கம் சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளை உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் சீல் வைத்தார்கள், 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பும் வந்தது. மசினகுடிப் பக்க வேலையை மட்டும் நம்பியிருந்த எந்த ஒப்பந்தக்காரருக்கும் அது என்ன செய்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் வந்த இ-பாஸும், 2025 ஏப்ரல் முதல் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வந்த வரம்பும் ரிசார்ட் முதலாளிகளின் செலவு செய்யும் தைரியத்தோடு சம்பந்தப்பட்டவைதான். பள்ளிக்கூடமும் டீ ஃபேக்டரியும் ஆஸ்பத்திரியும் கலந்திருந்தால் வாங்குகிறவர் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார். மலையில் புதுக் கட்டடத்துக்கு அனுமதி வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் இங்கே நிஜமான பிழைப்பு பழைய தளத்தைப் பெயர்த்துப் புதுசு போடுவதில் இருக்கிறது. பழைய வாடிக்கையாளர் பட்டியலுக்குச் சமவெளியைவிட மதிப்பு கூடுதல்.

கை மாறாத ஒன்றுக்கு விலை சொல்லிவிடாதீர்கள். பொதுப்பணித்துறை ஒப்பந்தக்காரர் பதிவோ, வெல்லிங்டன் ராணுவ வேலைகளுக்கான பதிவோ உங்கள் பெயரில் இருந்தால் அது உங்களோடு போய்விடும், வாங்குகிறவர் தன் தகுதியில் புதிதாகப் பதிய வேண்டும். அந்த வேலைகளின் லாபத்தை 20.6-இலிருந்து எடுத்துவிட்டுத்தான் மடங்கு போட வேண்டும்.

எதிர்கால வரவை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் போடும் டிசிஎஃப் என்று இன்னொரு முறை இருக்கிறது. பெரிய கம்பெனிக்கு நல்லது. அடுத்த மாதம் மலைப்பாதையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து சரக்கு எப்போது ஏறும் என்றே தெரியாத நமக்கு ஐந்து வருஷ வரவை எழுதிப் பார்ப்பது எக்செல் பழகத்தான் உதவும்.

சரி, விலை தெரிந்தாயிற்று. யாருக்கு, எப்படி விற்பது என்பதில்தான் கைக்கு வரும் பணம் மாறும்.

துண்டு துண்டாக விற்று மூடுவது எளிது, யாரையும் நம்ப வேண்டாம். ஆனால் அவசர விலையில் மெஷின் 4, சரக்கு 13 என்று போகும். பாக்கியை நீங்களே வசூலித்து எல்லாக் கடனையும் கட்டினால் நம் உதாரணத்தில் மூன்றரை லட்சம்தான் மிச்சம். தவிர, விற்கும் சரக்குக்கும் மெஷினுக்கும் ஜிஎஸ்டி பில் போட வேண்டும், சரக்கில் வந்த லாபம் உங்கள் சாதாரண வருமானத்தில் சேரும். வேறு வழியே இல்லாதவருக்கான வழி இது.

ஓடுகிற தொழிலாக மொத்தமாகக் கொடுத்தால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு, உள்ளீட்டு வரியையும் (சரக்கு வாங்கும்போது கட்டி, இன்னும் கழித்துக்கொள்ளாத ஜிஎஸ்டி) ஐடிசி-02 படிவத்தில் வாங்குகிறவருக்கு மாற்றலாம். வருமான வரியில் இது ஸ்லம்ப் சேல் (பொருள் பொருளாக விலை பிரிக்காமல் தொழிலை மொத்தமாக விற்பது), 1961 சட்டத்தின் 50பி பிரிவு. தொழில் 36 மாதத்துக்கு மேல் உங்கள் கையில் இருந்திருந்தால் ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், செஸ் தனி, ஆடிட்டரின் அறிக்கை (1961 சட்டத்தில் 3சிஇஏ) வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் அந்த இடத்துக்கு 2025-ஆம் வருஷச் சட்டம், அதில் பிரிவு எண்கள் வேறு. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியைக் கையில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: 2021 முதல் விதிப்படியான மதிப்புக்கும் விற்ற விலைக்கும் எது அதிகமோ அதை வைத்துத்தான் கணக்கு, அந்த மதிப்பு பெரும்பாலும் புத்தக எண்களிலிருந்து வருகிறது. முன்பு சொன்ன செத்த சரக்கை முன்னாலேயே தள்ளுபடி செய்ய இது இன்னொரு காரணம். இப்போது தள்ளினால் தொழில் வருமானத்தில் குறையும், புத்தகத்திலேயே விட்டுவிட்டால் அந்தக் கழிவு தொழில் வருமானத்தில் கிடைக்காது. அதேபோல, இதே தொழிலை இனி செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பதற்குத் தனியாக ஒரு தொகை போட்டால் அது தொழில் வருமானம், 12.5-இல் அடங்காது.

வாங்குகிறவர்களில் இரண்டு ரகம். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று மலையில் கிளை வேண்டும் என்று வரும். அவர்களுக்கு உங்கள் சரக்கு தேவையில்லை, ஆட்களும் வாடிக்கையாளர்களும்தான் வேண்டும், அதனால் சரக்கை அடித்துப் பேசுவார்கள், மடங்கில் கொஞ்சம் தாராளமாக இருப்பார்கள். பாதி முன்பணம், மீதி ஒன்றரை வருஷத்தில் வாடிக்கையாளர்கள் தொடர்ந்தால் என்று கேட்பார்கள். ஒத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த மீதியை லாபத்தோடு கட்டாதீர்கள். அவர்களுடைய தலைமை அலுவலகச் செலவை எல்லாம் உங்கள் கிளையில் ஏற்றினால் லாபம் காணாமல் போகும், நீங்கள் போய்ப் புத்தகம் பார்க்க முடியாது. உங்கள் பட்டியலில் உள்ள வாடிக்கையாளர்களுக்குப் போட்ட பில் தொகையோடு கட்டுங்கள், அதை ஜிஎஸ்டி ரிட்டர்னை வைத்துச் சரிபார்க்கலாம்.

இன்னொரு ரகம் உங்களிடமே வேலை பார்க்கும் மேஸ்திரி, அல்லது அண்ணன் மகன். பணம் இருக்காது, தொழில் தெரியும். காகிதத்தில் மூன்று மடங்குக்குக்கூட ஒத்துக்கொள்வார், ஏனென்றால் தொழில் சம்பாதித்துத்தான் உங்களுக்குக் கொடுக்கப் போகிறார். இதற்கு ஸ்லம்ப் சேலைவிட, முதலில் பார்ட்னராகச் சேர்த்து இரண்டு வருஷம் கூட நின்றுவிட்டு விலகுவது பொருத்தம். ஆனால் அந்த இரண்டு வருஷமும் பேங்கில் உங்கள் கையெழுத்துத்தான் ஜாமீன் என்பதை மறக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால்: சர்க்கரையும் முட்டிவலியும் வந்துவிட்டது, உடனே இறங்கவேண்டும் என்பவர் கோயம்புத்தூர்க்காரரிடம் இரண்டு மடங்குக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இன்னும் இரண்டு சீசன் ஓடத் தெம்பு இருக்கிறவர் மேஸ்திரியைப் பார்ட்னராக்குவது மேல். கணக்கை மட்டும் மூன்றாவது ஆள் எழுதட்டும். இரண்டிலும் 38.5 லட்சச் சொத்துக் கணக்கை அடிமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள், கடன் கழிக்காத விலை அதற்குக் கீழே போனால் எழுந்து வந்துவிடலாம்.

எந்த வழியானாலும் ஒப்படைக்கும் தேதியை செப்டம்பர் 30 பக்கம் வையுங்கள். அப்போது ஓடுகிற வேலை குறைவு, பாதி முடிந்த சைட்டுக்கு யார் பில் போடுவது என்ற சண்டை இருக்காது, ஜனவரி வேலைகளுக்கு எஸ்டிமேட் கொடுக்கப் போகும்போது புது ஆளைக் கூடவே கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்த மூன்று மாதம் கிடைக்கும். ரிடென்ஷன் பணத்தை விலையில் சேர்க்காமல், வந்தபிறகு வந்த அளவுக்குத் தருவதாக எழுதுங்கள். விற்பதற்கு முன் போட்ட தளம் ஒரு வருஷத்துக்குள் தூக்கினால் மெட்டீரியல் உங்கள் செலவு, கூலி அவர் செலவு என்று ஒரு வரியும் பத்திரத்தில் இருக்கட்டும்.